வீதி வேலைக்காரரின் கிட்டார்: ஹவாயின் கெபி பஹினுயியிடம் மலையகமும் வன்னியும் கேட்க வேண்டியது

ஹவாய் இசையில் கெபி பஹினுயியை விட அதிகமாக மதிக்கப்படும் பெயர்கள் மிகக் குறைவு. 1921 ஏப்ரல் 22 அன்று பிறந்தவர். ஹொனலுலு நகரின் கக்காகோ என்ற ஏழைப் பகுதியில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தெருவில் பத்திரிகை விற்றார், சப்பாத்துத் துடைத்தார். பெரியவரான பிறகு பல வருடங்கள் நகர நிர்வாகத்தின் வீதித் திருத்தக் குழுவில் கூலி வேலை செய்தார். இசைக் குறியீடுகளை வாசிக்க அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் 1980 ஒக்டோபர் 13 அன்று தனது 59ஆவது வயதில் அவர் இறந்தபோது, ஹவாய் மக்கள் தங்கள் குரலே போய்விட்டதாகத் துக்கப்பட்டார்கள்.

அவரை முதலில் பெயரெடுக்க வைத்தது ஸ்டீல் கிட்டார். எங்கள் பக்கத்தில் ‘ஹவாயன் கிட்டார்’ என்று சொல்வோமே, அதுதான். பேஸும் வாசிப்பார். பிற்காலத்தில் உலகம் அவரை ‘ஸ்லாக் கீ’ என்ற வேறொரு கிட்டார் முறையின் ஆசானாகக் கொண்டாடியது.

நான் இதை எழுதுவது கேகாலை மாவட்டத்தின் புளத்கொகுபிட்டியவிலிருந்து. சுற்றிலும் இறப்பரும் தேயிலையும் உள்ள ஊர். பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் வாழ்ந்த ஒரு கிட்டார் கலைஞரைப் பற்றி இங்கிருந்து எதற்கு எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அந்த வாத்தியம் பிறந்ததும் பெருந்தோட்டங்கள் மாற்றிப்போட்ட ஒரு நாட்டில்தான். அதை வாசித்தவர்கள் தங்கள் நிலத்தின் மீதான அதிகாரத்தை இழந்த மக்கள். அந்த மக்கள் தங்கள் இசையை எப்படிக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்பதில் மலையகத்தவருக்கும் வன்னியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவருக்கும் பயன்படக்கூடிய ஒரு பாடம் இருக்கிறது.

மடியில் படுக்கவைத்த கிட்டார்

சாதாரணக் கிட்டாரை மார்போடு அணைத்துப் பிடிப்பார்கள். இடது கை விரல்கள் தந்தியைக் கட்டைகளுக்கு இடையே அழுத்தும். ஸ்டீல் கிட்டாரை மடியில் மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். தந்திகள் பலகைக்கு மேலே உயரமாகத் தூக்கிக் கட்டப்பட்டிருக்கும். இடது கையில் ஒரு உருக்குத் துண்டு. அதைத் தந்திகளின் மேல் அழுத்தாமல் வழுக்க விடுவார்கள். வலது கை விரல்கள் மீட்டும்.

இதனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு ஒலி படியேறிப் போவதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டு கட்டைகளுக்கு இடையே இருக்கும் நுண்ணிய ஒலிகளும் கேட்கும். உருக்குத் துண்டை இலேசாக ஆட்டினால் தந்தி அழுவது போலவும் பெருமூச்சு விடுவது போலவும் இருக்கும். கர்நாடக இசை கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. கோட்டுவாத்தியத்திலும் ஒரு மரத்துண்டைத் தந்திகளின் மேல் வழுக்கித்தான் கமகங்களைக் கொண்டுவருவார்கள். அதனால்தான் ஹவாயிலிருந்து வந்த ஒலி தெற்காசியக் காதுகளுக்கு அந்நியமாகப் படவில்லை.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் என்று பெரும்பாலானவர்கள் சொல்வது ஜோசப் கெகுக்குவை. 1874இல் லயீ என்ற கிராமத்தில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போது ரயில் பாதையில் கிடந்த ஒரு இரும்பு ஆணியை எடுத்துத் தந்தியில் உரசிப் பார்த்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. இந்தியாவில் பிறந்து ஹொனலுலுவுக்கு வந்து சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்ற இளைஞர் 1880களில் இப்படி வாசித்துக் காட்டினார் என்ற இன்னொரு கதையும் உண்டு. எது உண்மையானாலும், அதை ஒரு முழு வாசிப்பு முறையாக வளர்த்து உலகத்துக்குக் கொண்டுபோனவர் கெகுக்கு.

கரும்புத் தோட்டத்தின் பிள்ளை

ஹவாயின் 19ஆம் நூற்றாண்டுக் கதை மலையக வாசகருக்கு உடனே விளங்கும். நல்ல நிலங்கள் கரும்புத் தோட்டங்களாகின. வேலைக்குச் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் போர்த்துக்கலிலிருந்தும் பின்னர் பிலிப்பைன்ஸிலிருந்தும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பலில் வந்தார்கள். 1879இல் போர்த்துக்கீசரின் மதேரா தீவிலிருந்து வந்த தொழிலாளர்கள் நான்கு தந்திகள் கொண்ட ஒரு சிறிய வாத்தியத்தைக் கொண்டு வந்தார்கள். அதிலிருந்துதான் உக்குலேலே உருவானது. கிட்டார் அதற்கு முன்பே மாடு மேய்க்க வந்த மெக்சிக்கோக்காரர்களுடன் வந்து சேர்ந்திருந்தது.

தோட்ட முதலாளிகளும் வியாபாரிகளும் பலமடைந்ததும் அரசையே கைப்பற்றினார்கள். 1893 ஜனவரி 17 அன்று, அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து சிப்பாய்கள் கரையிறங்கி நின்ற நிலையில், லிலியுகலானி அரசி பதவியிறக்கப்பட்டார். அவரும் ஒரு இசையமைப்பாளர். 1896இல் பாடசாலைகளின் போதனா மொழி ஆங்கிலம் மட்டுமே என்று சட்டம் வந்தது. 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன.

நாடு போன பிறகுதான் இசை உலகம் சுற்றத் தொடங்கியது. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஹவாய் இசை பெரும் கூட்டத்தைக் கவர்ந்தது. அதன் பின் அமெரிக்கா முழுவதும் ஸ்டீல் கிட்டார் மோகம் பரவியது. பெரிய மண்டபங்களில் பின்வரிசைக்குச் சத்தம் எட்டவில்லை என்பதால் மின்சாரம் தேவைப்பட்டது. 1932இல் சந்தைக்கு வந்த ‘ரிக்கன்பேக்கர்’ நிறுவனத்தின் ‘வாணலி’ என்று அழைக்கப்பட்ட கிட்டார்தான் வெற்றிகரமாக விற்கப்பட்ட முதல் மின்சாரக் கிட்டார். அது மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார். இன்று எங்கள் கோவில் திருவிழா மேடைகளில் அலறும் மின்சாரக் கிட்டார்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் மூத்த அண்ணன்.

தெற்காசியாவுக்கு இந்த ஒலியைக் கொண்டுவந்தவர்களில் தாவ் மோ குடும்பம் முக்கியமானது. ஊர் ஊராகச் சுற்றி வாசித்த அந்தக் குடும்பம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்கத்தாவில் தங்கியிருந்தது. வங்காளத்தில் ஹவாயன் கிட்டார் வீட்டு வாத்தியமானது. வான் ஷிப்லி போன்றவர்கள் ஹிந்திப் படப் பாடல்களை அதில் வாசித்து இசைத்தட்டுகளாக்கினார்கள். பிரிஜ் பூஷன் காப்ரா அதை ராக இசைக்குக் கொண்டுபோனார். பின்னர் விஷ்வ மோகன் பட் கூடுதல் தந்திகள் கட்டி மோகன வீணையாக்கி, அமெரிக்கக் கலைஞர் றை கூடருடன் வாசித்த இசைத்தட்டுக்காக 1994இல் கிராமி விருது பெற்றார். இதே றை கூடர்தான் 1970களின் நடுவில் ஹவாய்க்குப் போய் கெபி பஹினுயியுடன் வாசித்தவர். தோட்டத் தீவு ஒன்றில் தொடங்கிய ஒலி இப்படித்தான் சுற்றி வந்தது.

கேட்காமல் கேட்கும் வாத்தியம்

ஸ்டீல் கிட்டார் முன்னால் நிற்கும் குரல். பேஸ் பின்னால் நிற்கும் நிலம். சாதாரணக் கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் நான்கு தந்திகள் அதில் இருக்கும். ஆளுயர டபிள் பேஸாக நின்றது, 1951இல் லியோ ஃபெண்டர் செய்த ‘பிரெசிஷன் பேஸ்’ வந்த பிறகு தோளில் தொங்கும் அளவுக்கு வந்தது. அதே ஃபெண்டர் அதற்குச் சில வருடங்களுக்கு முன் தன் தொழிலைத் தொடங்கியது ஸ்டீல் கிட்டார் செய்துதான். ஆக, இந்த இரண்டு வாத்தியங்களின் நவீன வடிவங்களும் ஒரே பட்டறையைக் கண்டவை.

பேஸ் வாசிப்பவர் இரண்டு வேலை செய்கிறார். பாட்டு எந்தச் சுரத்தின் மேல் நிற்கிறது என்பதைக் காட்டுகிறார். தாளம் எங்கே விழுகிறது என்பதையும் காட்டுகிறார். பாட்டுக் கேட்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் பேஸைத் தனியாகக் கவனிப்பதில்லை. ஆனால் அது நின்றால் பத்துப் பேருக்கும் ஏதோ குறைந்தது தெரியும்.

குரலாக நிற்கும் வாத்தியத்தையும் நிலமாக நிற்கும் வாத்தியத்தையும் அறிந்த ஒருவர் பாட்டைக் கேட்கும் விதம் வேறு. கெபியின் ஸ்லாக் கீ வாசிப்பில் இது தெளிவாகக் கேட்கும். ஸ்லாக் கீ என்றால் தந்திகளைத் தளர்த்திச் சுருதி மாற்றி வாசிக்கும் முறை. கட்டைவிரல் கீழ்த்தந்திகளில் விடாமல் பேஸ் வாசிக்கும், மற்ற விரல்கள் மேலே மெட்டை வாசிக்கும். ஒரே கிட்டாரில் இரண்டு பேர் இருப்பது போல இருக்கும்.

இந்தத் தளர்த்திய சுருதிகள் ஒரு காலத்தில் குடும்ப இரகசியங்கள். அப்பா பிள்ளைக்குச் சொல்லுவார், அடுத்த வீட்டாருக்குச் சொல்லமாட்டார். சொல்லாமலே செத்துப்போன கிழவர்களுடன் பல சுருதிகளும் போயின. 1946இல் கெபி ‘ஹிஇலாவே’ என்ற பழைய பாடலை ஸ்லாக் கீ முறையில் வாசித்துப் பாடி இசைத்தட்டாக்கினார். ஸ்லாக் கீயின் நவீன காலம் அந்தத் தட்டிலிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். வீட்டுக்குள் முணுமுணுக்கப்பட்டது ஊரின் சொத்தானது. அன்று அதைப் பதிவுசெய்ய ஒரு சிறிய இசைத்தட்டு நிறுவனம் இருந்தது. இந்தக் கட்டுரையின் மையமே அதுதான்.

ஹோட்டலுக்கு ஒரு வாசிப்பு, முற்றத்துக்கு ஒரு வாசிப்பு

1935 முதல் 1975 வரை ‘ஹவாய் கோல்ஸ்’ என்ற வானொலி நிகழ்ச்சி வைக்கீக்கி கடற்கரை ஹோட்டலிலிருந்து உலகத்துக்கு ஒலிபரப்பானது. ஸ்டீல் கிட்டார் அதன் அடையாளம். நிலவு, தென்னை, ஆடும் பெண்கள், வழுக்கும் கிட்டார். உல்லாசப் பயணி கேட்க விரும்பிய ஹவாய் அது. அதில் நிலம் பறிபோன கதை இல்லை.

எங்களுக்கும் இப்படி ஒரு படம் உண்டு. தேயிலைப் பெட்டியில் சிரித்துக்கொண்டு கொழுந்து பறிக்கும் பெண். அவள் கூடையின் பாரமும், லயத்துக் கூரையின் ஒழுக்கும் அந்தப் படத்தில் இல்லை. ஒரு மக்களின் கையும் உழைப்பும் விற்பனைக்கு உதவுகின்றன, அவர்களுடைய பேச்சு உதவுவதில்லை. 1960களில் ஹவாய் இளைஞர்கள் சிலருக்கு ஸ்டீல் கிட்டார் மேல் சலிப்பு வந்ததற்கும் இந்த உல்லாசப் பயண வாடைதான் காரணம்.

கெபியும் வைக்கீக்கியில் காசுக்கு வாசித்தவர்தான். குடும்பம் பெரியது, வேறு வழி இல்லை. ஆனால் அவருடைய உண்மையான மேடை வைமனாலோ என்ற ஊரில் இருந்த அவரது வீட்டு முற்றம். வைமனாலோவும் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம்தான். வார இறுதிகளில் பெரிய கலைஞர்களும், நேற்றுக் கிட்டார் பிடித்த பொடியன்களும் அங்கு கூடுவார்கள். வெள்ளிக்கிழமை தொடங்கும் பாட்டு ஞாயிறுவரை போகும். சிரில், பிலா, பிலிப், மார்ட்டின் என்ற அவரது மகன்களும் அந்த முற்றத்தில் வளர்ந்த கலைஞர்களே. 1960இல் எடி கமாயியுடன் சேர்ந்து ‘சன்ஸ் ஒஃப் ஹவாய்’ என்ற குழுவை உருவாக்கினார். அதில் டேவிட் ‘ஃபீட்’ றோஜர்ஸ் ஸ்டீல் கிட்டாரும் ஜோ மார்ஷல் பேஸும் வாசித்தார்கள். ஹோட்டலுக்காக அல்லாமல் தங்களுக்காகவே வாசித்த ஹவாய் இசை அங்கிருந்து மறுபடி தலை நிமிர்ந்தது.

குண்டு விழுந்த தீவு

1970களில் அந்த இசை நிலப் போராட்டத்துடன் சேர்ந்தது. கஹோஒலாவே என்ற தீவை அமெரிக்கக் கடற்படை 1941 முதல் குண்டுப் பயிற்சிக்குப் பயன்படுத்தி வந்தது. 1976 ஜனவரியில் ஒன்பது பேர் தடையை மீறி அங்கு இறங்கினார்கள். அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் ஜோர்ஜ் ஹெல்ம் என்ற பாடகர், கிட்டார் கலைஞர். 1977 மார்ச்சில் அந்தத் தீவை அண்டிய கடலில் அவரும் தோழர் கிமோ மிச்சலும் காணாமல் போனார்கள். உடல்கள் கிடைக்கவில்லை.

1990இல் குண்டுவீச்சு நிறுத்தப்பட்டது. 1994இல் தீவு ஹவாய் மாநிலத்திடம் கையளிக்கப்பட்டது. வருடக்கணக்காகத் துப்புரவு செய்த பின்னும் வெடிக்காத குண்டுகள் இன்னும் அந்த மண்ணில் கிடக்கின்றன. 1993இல் அமெரிக்கக் காங்கிரஸ், நூறு வருடங்களுக்கு முன் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்கு மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. அரசு திரும்பி வரவில்லை. ஆனால் நடந்தது நடந்தது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. மொழி விடயத்தில் இன்னும் கொஞ்சம் முன்னேற்றம் உண்டு. 1978இல் ஹவாய் மொழி அரச மொழிகளில் ஒன்றானது. 1984இல் முழுவதும் ஹவாய் மொழியில் இயங்கும் முன்பள்ளி தொடங்கியது.

காணாமல் போனவரின் படத்தோடு வீதியில் இருப்பவர்களுக்கும், கண்ணிவெடிப் பலகை நட்ட காணியின் வேலிக்கு வெளியே நின்று தன் கிணற்றைப் பார்த்தவர்களுக்கும் இதற்கு மேல் நான் எதுவும் விளக்கத் தேவையில்லை. பாட்டு குண்டை நிறுத்தாது. ஆனால் இது எங்கள் நிலம் என்று சொல்ல ஆட்களை ஒன்றுசேர்த்த இடங்களில் பாட்டும் இருந்தது. அந்தப் பாட்டை அவர்கள் கைக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் வீதி வேலை செய்த கெபி.

எங்கள் பக்கத்துக் கணக்கு

இனி எங்கள் பக்கம். சப்ரகமுவத் தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்கு ஆட்களை எழுப்பியது தப்புச் சத்தம். மாசி மாதம் காமன் கூத்தை நடத்தியதும் தப்புத்தான். சாவு வீட்டையும் கோவிலையும் அதுதான் நடத்தியது. பேஸைப் போல, எல்லாவற்றுக்கும் அடியில் நின்ற ஒலி அது. ஆனால் அடித்தவரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அதற்குத் துரைமாரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தப்பு அடித்தவரைச் சாதி சொல்லித் தள்ளி நிற்க வைத்தவர்கள் எங்களுக்குள்ளேயே இருந்தார்கள். திருவிழா நோட்டீசில் காப்பு கட்டுபவர், உபயகாரர், சிறப்பு விருந்தினர் எல்லாருடைய பெயரும் இருக்கும். தப்பு அடிப்பவருடையது இருக்காது. இசைக்குழு வந்தால் பாடகர் பெயர் இருக்கும். பேஸ் வாசிக்கும் பொடியன் ‘குழுவினர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுவான்.

மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடிச் சேகரித்து வைத்தார். அதனால் பல பாடல்களின் சொற்கள் இன்று எங்களிடம் உண்டு. ஆனால் ஒரு புத்தகம் பாடியவரின் குரலையும், கையின் வேகத்தையும், எந்த இடத்தில் அடி தள்ளி விழுந்தது என்பதையும் காப்பாற்றாது. அதற்கு ஒலிப்பதிவு வேண்டும்.

எங்களுக்கு நேரம் அதிகம் இல்லை என்பதற்கு என்னுடைய ஊரே சாட்சி. 2016 மே 17 அன்று, அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாளில், புளத்கொகுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயன் வீடுகளை மூடியது. ஒரு லயன் மண்ணுக்குள் போகும்போது உயிர்களோடு அந்த லயத்துக்கு மட்டும் தெரிந்த தாலாட்டும் ஒப்பாரியும் சேர்ந்து போகின்றன. 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போன குடும்பங்கள் தங்கள் கூத்தையும் கொண்டு போனார்கள். 2009இல் அவர்கள் இரண்டாம் முறையாக எல்லாவற்றையும் விட்டு நடந்தார்கள். அந்தப் பாதையில் எத்தனை ஒலிநாடாக்கள், எத்தனை தோல் வாத்தியங்கள் கிடந்தன என்று யாரும் எண்ணவில்லை.

கெபியின் காலத்தில் ஒரு பாடலைப் பதிவுசெய்ய ஒரு நிறுவனமும் இயந்திரமும் தேவைப்பட்டன. இன்று அது எங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. செய்ய வேண்டியது இவ்வளவுதான். உங்கள் ஊரில் வாசிக்கும், பாடும், அடிக்கும் மூத்தவர் ஒருவரிடம் போய் அனுமதி கேளுங்கள். காற்று இரைச்சல் இல்லாத இடத்தில் இருத்துங்கள். வாசிக்கத் தொடங்கும் முன் அவருடைய வாயாலேயே பெயர், ஊர், தோட்டம், டிவிஷன், யாரிடம் பழகினார், இன்று என்ன திகதி என்று சொல்ல வையுங்கள். பெயர் இல்லாத பதிவு பத்து வருடத்தில் அநாதையாகிவிடும். முழுப் பாட்டையும் எடுங்கள், முகநூலுக்கு ஏற்ற முப்பது வினாடியோடு நிறுத்த வேண்டாம். பிறகு தப்பு எப்படிக் காய்ச்சுவது, எந்த அடிக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். பதிவை ஒரே தொலைபேசியில் வைத்திருக்காமல் மூன்று இடங்களில் பிரதி வையுங்கள். அந்த மூத்தவர் சம்மதித்தால், நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகங்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பதிவின் பிரதி ஒன்று அவருடைய வீட்டாருக்கும் போக வேண்டும். அது அவர்களுடைய சொத்து.

அடுத்த திருவிழா நோட்டீஸ் அச்சடிக்கும்போது தப்பு அடிப்பவரின் பெயரையும் பேஸ் வாசிப்பவரின் பெயரையும் போடச் சொல்லுங்கள். அதற்குக் கூடுதல் செலவு இரண்டு வரி மைதான்.